தன் மகரந்தம், தன் விதை: காவிரி டெல்டாவில் விதை காப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சீரகச் சம்பா வயலுக்கு அடுத்த வரப்பில் பிபிடி 5204 என்ற வேறு நெல் ரகம் நின்றால் விதை கெட்டுப்போகும் என்ற அச்சம் டெல்டாவில் பரவலாக உண்டு. ஆனால் முந்தின நாள் வேறு ரகம் அறுத்துவிட்டு வந்த பெல்ட் வண்டியில் (அறுவடை இயந்திரத்தில்) விதைநெல்லை அறுப்பதற்கும், பழைய சாக்கில் பிடிப்பதற்கும் அந்த அளவு அச்சம் இல்லை. நெல்லின் உயிரியலைப் பார்த்தால் பயம் இடம் மாறி நிற்கிறது. நெல் பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறும் பூ; இதுதான் தன் சேர்க்கை. நெல் விதையில் கலப்பு நுழையும் பெரிய வாசல் களமும் சாக்கும் வண்டியும்தான். கத்திரிக்கும் பூசணிக்கும் கணக்கு வேறு. அங்கே பூவைத்தான் காக்க வேண்டும். எந்தப் பயிர் எந்த அளவுக்குத் தன் சேர்க்கை செய்கிறது, அது ஏன் அப்படி ஆனது என்று தெரிந்தால் எங்கே உழைப்பைப் போடுவது என்பதும் தெளிவாகும்.

நெல் பூவுக்குள் நடப்பது

ஒவ்வொரு நெல்மணியும் முதலில் ஒரு பூ. இரண்டு உமிக்குள் ஆறு மகரந்தத் தாள்கள், ஒரு சூலகம், மகரந்தத்தை ஏற்கும், இறகு போல இரு கிளையாகப் பிரிந்த சூல்முடி. காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் ஏறும்போது, அடியில் உள்ள இரண்டு சிறு செதில்கள் நீரை உறிஞ்சி உப்பி உமியைத் தள்ளித் திறக்கின்றன. திறக்கும் அந்தக் கணத்திலோ சற்று முன்போ மகரந்தப் பை வெடித்து, தூள் தன் சூல்முடி மேலேயே கொட்டிவிடுகிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் உமி மூடிக்கொள்ளும். கொட்டிய மகரந்தத்துக்குக் காற்றில் ஆயுள் சில நிமிடங்களே. ஐந்து நிமிடம் கழித்துப் பெரும்பகுதி செத்திருக்கும். அதனால்தான் பயிர் நெல்லில் வேறு செடியின் மகரந்தத்தால் கருவுறும் அயல் சேர்க்கை சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே நிற்கிறது.

காட்டு நெல் அப்படியில்லை. பயிர் நெல்லின் மூதாதையான ஒரைசா ரூஃபிபோகானில் மகரந்தப் பை நீளம். சூல்முடி உமிக்கு வெளியே நீட்டிக்கொண்டு காற்றில் வரும் மகரந்தத்துக்குக் காத்திருக்கும். அயல் சேர்க்கை அங்கே பல மடங்கு அதிகம். மனிதன் ஆண்டாண்டாக ஒரே மாதிரி மணி தரும் கதிரையே எடுத்து விதைத்ததில் பூ சுருங்கி, சூல்முடி உள்ளே ஒடுங்கியது.

உளுந்தில் தன் சேர்க்கை இன்னும் முற்றியது. பெரும்பாலான பூக்களில் மொட்டு விரியும் முன்பே உள்ளே சேர்க்கை முடிந்துவிடும். சம்பா அறுவடைக்கு முன் ஈர வயலில் தூவும் தரிசு உளுந்து, தேனீ வந்தாலும் வராவிட்டாலும் காய்ப்பது இதனால்தான்.

தன் சேர்க்கை ஏன் தோன்றியது, ஏன் எல்லாச் செடியும் அதற்குப் போகவில்லை

1941-இல் மரபியலாளர் ரொனால்ட் ஃபிஷர் காட்டிய கணக்கு இது. அயல் சேர்க்கை செய்யும் ஒரு செடி தன் ஒவ்வொரு விதையிலும் தன் மரபணுவின் ஒரு பங்கை வைக்கிறது. அடுத்த செடிகளுக்கு மகரந்தம் கொடுத்து இன்னொரு பங்கைப் பரப்புகிறது. மொத்தம் இரண்டு. தன் சேர்க்கை செய்யும் செடி தன் விதையில் இரண்டு பங்கையும் தானே வைத்து, வெளியேயும் மகரந்தம் கொடுத்தால் மொத்தம் மூன்று. ஒன்றரை மடங்கு லாபம். அப்படியானால் உலகமே தன் சேர்க்கைக்குப் போயிருக்க வேண்டும். உண்மையில் பூக்கும் செடிகளில் முழுக்கத் தன் சேர்க்கையை நம்பி வாழ்பவை நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்துதான்.

தடுப்பது உள்கலப்புத் தளர்ச்சி. கெட்ட மரபணு பெரும்பாலும் ஒடுங்கியே இருக்கும். இரண்டு பிரதியும் கெட்டதாக ஒரே செடியில் சேர்ந்தால்தான் வெளிப்படும். தன் சேர்க்கை அவற்றைச் சேர்த்துவிடுகிறது. நோஞ்சான் நாற்று, வெளிறிய இலை, பதர். பிள்ளைச் செடிகளின் வலிமை பாதிக்கு மேல் குறைந்தால் ஃபிஷரின் லாபம் அடிபட்டுப்போகும். சார்லஸ் டார்வின் 11 ஆண்டுகள் செடிகளைத் தன் சேர்க்கையாகவும் அயல் சேர்க்கையாகவும் வளர்த்து அளந்து, 1876-இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலும் அயல் சேர்க்கைப் பிள்ளைகளே உயரமாக நின்றன. ஆனால் ஒரு வகைக் காலைப்பூக் கொடியில், ஆறாவது தலைமுறைத் தன் சேர்க்கைச் செடி ஒன்று தன் அயல் சேர்க்கைப் போட்டிச் செடியையே மிஞ்சியது. அதற்கு அவர் 'ஹீரோ' என்று பெயரிட்டார். பல தலைமுறை தன் சேர்க்கையில் கெட்டது வெளிப்பட்டுச் செத்து ஒழிந்தபின், மிச்சம் இருப்பது வலுவாக நிற்க முடியும். நெல்லும் உளுந்தும் அந்தக் கழிவைக் கடந்து வந்த பயிர்கள்.

இரண்டு வழியும் ஒரே இனத்துக்குள் இருப்பதைப் பார்க்கப் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளுக்குப் போனால் போதும். நெட்டைத் தென்னையில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் உதிர்ந்து முடிந்த பிறகே பெண் பூ ஏற்கத் தயாராகும். மகரந்தம் வேறு மரத்திலிருந்து வந்தாக வேண்டும். குட்டைத் தென்னையில் இரண்டு கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது, எனவே பெரும்பாலும் தன் சேர்க்கை. குட்டையின் நிறமும் உருவமும் பிள்ளையில் அப்படியே வருவதும், நல்ல நெட்டைத் தாய்மரத்தின் நெற்றில் முளைத்த கன்றுகள் ஒன்றுபோல் இல்லாததும் இந்த வேறுபாட்டால்தான். 2018 கஜா புயலுக்குப் பிறகு மறுநடவு செய்த தோப்புகளில் நெட்டைக் கன்றை நாற்றங்காலிலேயே கடுமையாகக் கழிக்க வேண்டியிருந்ததற்கும் இதுவே காரணம்.

பாதி பாதியாகக் குறையும் கணக்கு

இது மனத்தில் நிற்க வேண்டிய ஒரே கணிதம். இரண்டு ரகம் தப்பித்தவறிச் சேர்ந்து பிறந்த மணியில், பெற்றோர் வேறுபடும் இடங்கள் அனைத்தும் கலப்பாக இருக்கும்: 100 சதவீதம். அதைத் தன் சேர்க்கைக்கு விட்டால் அடுத்த தலைமுறையில் 50, பிறகு 25, 12.5, 6.25, ஆறாம் தலைமுறையில் 3 சதவீதம் அளவில். ஒவ்வொரு வழியும் (ஒரு செடியிலிருந்து தொடரும் வாரிசு வரிசையும்) ஏதோ ஒரு வடிவில் உறைந்து நிற்கும். ஆனால் எல்லாம் பழைய ரகமாகத் திரும்பிவிடாது. பலவிதமான புது வழிகளாகப் பிரியும். தன் சேர்க்கை விதையைத் தானே சுத்தப்படுத்தும் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் தவறுகிறது. அது இருப்பதை நிலைநிறுத்தும். கலப்பு இருந்தால் கலப்பையும் சேர்த்தே.

வீரிய ஒட்டு நெல்லின் விதையை எடுத்து வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். முதல் தலைமுறைச் செடி தன் சேர்க்கையில் பிரிந்து, அடுத்த பருவத்தில் உயரமும் பூக்கும் நாளும் மணியும் சிதறிப்போகும்.

பாரம்பரிய ரகத்தில் இன்னொன்றும் உண்டு. 1903-இல் டென்மார்க் தாவரவியலாளர் ஜோஹான்சன் பீன்ஸ் விதைகளை வைத்துக் காட்டியபடி, தன் சேர்க்கைப் பயிரின் பழைய ரகம் என்பது பல தூய வழிகளின் தொகுப்பு. மாப்பிள்ளைச் சம்பா என்று கையில் இருப்பது சற்றே வேறுபட்ட பல வழிகள் சேர்ந்து நிற்கும் கூட்டம். அழகான ஒரே கதிரிலிருந்து பெருக்கினால் சீரான வயல் கிடைக்கும். வெள்ளத்தையும் வறட்சியையும் பங்கிட்டுத் தாங்கிய மற்ற வழிகள் தொலைந்துபோகும். ரகத்தைக் காப்பதே நோக்கம் என்றால் ஒரு கதிரில் தொடங்காதீர்கள். குறைந்தது 100 செடியிலிருந்து செடிக்கு ஒரு கதிர் எடுப்பது எங்கள் அறிவுரை.

நெல்: விதை வயல், படிப்படியாக

1. வயலைத் தேர்வு செய்தல். குறுவையில் வேறு ரகம் நின்ற வயலில் தாளடி விதை வயல் வைக்க வேண்டாம். உதிர்ந்த குறுவை மணி முளைத்துத் தானாக வளர்ந்து நாற்றோடு கலக்கும். வேறு வயல் இல்லையென்றால் தண்ணீர் கட்டி முளைக்க விட்டு மடக்கி உழுங்கள். பத்து நாள் இடைவெளியில் இன்னொரு முறை.

2. இடைவெளி. நெல் விதைச் சான்றுக்கு வேறு ரகத்திலிருந்து 3 மீட்டர் தூரம் போதும். 20 சென்டிமீட்டர் வரிசையில் இது 15 வரிசை. அந்த 15 வரிசையிலும் அதே ரகத்தை நட்டு, அதைச் சாப்பாட்டு நெல்லாக எடுத்துக்கொண்டு, உள்ளே உள்ளதை மட்டும் விதையாக வையுங்கள். பக்கத்தில் வீரிய ஒட்டு விதை உற்பத்தி நடந்தால் இந்தத் தூரம் உங்களுக்குப் போதுமானதே; தூரம் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான், ஏனென்றால் அவர்களின் பெண் செடியில் சொந்த மகரந்தம் கிடையாது. முன்பின் விதைத்துப் பூக்கும் நாளைப் பிரிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பகல் குறையும்போது பூக்கும் பழைய சம்பா ரகங்களில் விதைப்பைத் தள்ளினாலும் பூக்கும் நாள் அந்த அளவு நகராது. அந்த உத்தியை நம்பி இடைவெளியைக் குறைக்காதீர்கள்.

3. கதிர் வரிசை. 100 கதிரையும் தனித்தனியாக நாற்றங்காலில் சிறு கோடுகளாக விதைத்து எண் குச்சி நடுங்கள். நடும்போது ஒரு கதிருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு 20 குத்து, குத்துக்கு ஒரே நாற்று. குத்துக்குக் குத்து 20, வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் வைத்தால் மொத்தம் மூன்று சென்ட் நிலத்தில் அடங்கும். ஒரு வரிசையில் ஒரு செடி வேறுபட்டாலும் முழு வரிசையையும் நீக்கிவிடுங்கள். அந்தக் கதிரின் தாய்ச்செடியிலேயே கலப்பு இருந்திருக்கிறது. தேறிய வரிசைகளைச் சேர்த்து அறுத்தால் குத்துக்கு 15 கிராம் என்றாலும் 25 முதல் 30 கிலோ மூல விதை வரும். ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு 3 கிலோ என்று வைத்தால் அது எட்டுப் பத்து ஏக்கருக்கு விதை.

4. கலவன் (ரகத்துக்கு ஒவ்வாத செடி) எடுத்தல். மூன்று முறை: தூர் கட்டும்போது, பூக்கும்போது, மணி முற்றும்போது. முதல் முறை இலையுறையின் நிறம், தூரின் சாய்வு, இலை அகலம். இரண்டாம் முறை மிக முக்கியம்: மற்றவற்றுக்கு முன்போ பின்போ பூத்தவை, தலைக்கு மேல் நீண்டு நிற்பவை. மூன்றாம் முறை மணியின் வடிவம், உமியின் நிறம், நுனியில் மீசை உண்டா. கலவனை அரிவாளால் அறுக்காதீர்கள். பக்கத்துச் சிம்பு மறுபடி பூக்கும். வேரோடு பிடுங்கி வரப்புக்கு அப்பால் கொண்டுபோங்கள். ஒரு குத்தில் ஆயிரத்துக்கு மேல் மணி இருக்கும். விட்டுவைத்த ஒரு கலப்புச் செடி அடுத்த பருவத்தில் ஆயிரம் விதமாகப் பிரியும்.

அரிசி நிறத்தை உரித்துப் பார்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கருப்புக் கவுனியின் கருப்பும் மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பும் அரிசியின் மேல்தோலில் உள்ளவை. அந்தத் தோல் தாய்ச்செடியின் திசு. எனவே வெள்ளை அரிசி ரகத்தின் மகரந்தம் விழுந்து உருவான மணியும் அந்தப் பருவத்தில் கருப்பாகவே இருக்கும். உரித்துப் பார்த்தால் சாக்கில் கலந்த அயல் மணி அகப்படும். பூவில் கலந்தது அகப்படாது. அதை அடுத்த பருவம் வயலில்தான் பிடிக்க முடியும்.

5. அறுவடை. விதைப் பகுதியைக் கையால் அறுத்து, சுத்தமான தார்ப்பாயில் தனியாக அடியுங்கள். வண்டியில்தான் அறுக்க வேண்டும் என்றால் முதலில் அதே ரகத்தின் ஓரப் பகுதியை அறுத்து, வரும் முதல் சில மூட்டையைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டுப் பிறகு விதைக்குப் பிடியுங்கள். வண்டிக்குள் தங்கிய முந்தின வயல் நெல் அந்த மூட்டைகளோடு பெரும்பாலும் வெளியேறிவிடும். சாக்கு புதிதாக இருக்கட்டும்.

பூவில் என்ன தவறும்

பதர் கூடினால் உடனே பூச்சி மருந்துக்குப் போக வேண்டாம். பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது. பூ திறந்தும் சூல்முடியில் தூள் விழாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூக்கும் சம்பாவில் உமி திறக்காமலே உள்ளே சேர்க்கை நடப்பது உண்டு, மகரந்தம் நனைந்து வீணாவதும் உண்டு. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை விதை வயலில் மருந்து தெளிப்பதைத் தவிர்ப்பது நல்ல பழக்கம்.

வேண்டுமென்றே இரண்டு ரகத்தை ஒட்ட நினைப்பவர்களுக்கும் இதே கடிகாரம்தான். முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு மேல் கதிரின் மேல்நுனியில் பூத்து முடிந்தவற்றையும் அடியில் உள்ள இளம் பூக்களையும் நீக்குங்கள். நடுவில் உள்ளவற்றின் உமியை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டி, நுண்ணிடுக்கியால் ஆறு மகரந்தப் பைகளையும் எண்ணி எடுங்கள். ஐந்து எடுத்து ஒன்றை விட்டால் அந்த மணி தன் சேர்க்கை மணி. வெண்ணெய்த்தாள் உறை மாட்டி, மறுநாள் பத்து மணி அளவில் ஆண் கதிரை மேலே உதறி, மறுபடி மூடுங்கள். உமி வெட்டிய மணி நோஞ்சானாகத் தெரியும், ஆனால் முளைக்கும்.

தோட்டப் பயிர்: பூவைக் கட்டுதல்

வெண்டை எளிது. மஞ்சள் காட்டும் மொட்டின் நுனியை மாலையில் நூலால் கட்டிவிட்டால் போதும். உள்ளே மகரந்தக் குழாய் சூல்முடியைத் தொட்டே இருப்பதால் காலையில் தானே சேர்க்கை நடக்கும். காம்பில் வண்ண நூல் அடையாளம்.

கத்திரியின் மகரந்தப் பை நுனியில் உள்ள துளை வழியாகத்தான் தூளை விடும். அதிரும் ஒலியோடு பூவைப் பிடித்து உலுக்கும் கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் அதை உதிர்க்கின்றன. நம் வழக்கமான தேனீயால் அப்படி உலுக்க முடியாது. அந்த வண்டுகளே அடுத்த ரகத்தின் மகரந்தத்தையும் கொண்டுவரும். மாலையில் மொட்டை மெல்லிய துணிப் பையில் மூடி, விரிந்த காலையில் காம்பை விரலால் நாலைந்து முறை சுண்டுங்கள். சூல்தண்டு நீண்டு, மகரந்தப் பைகளைத் தாண்டி வெளியே தெரியும் பூவை மட்டும் தேர்வு செய்யுங்கள். தண்டு குட்டையான பூ காய்க்காமல் உதிரும். விதைக் காய் மஞ்சளாகப் பழுக்கும் வரை செடியிலேயே நிற்கட்டும். கட்ட முடியாதவர்களுக்கு விதைச் சான்று இடைவெளி: ஆதார விதைக்கு 200, சான்று விதைக்கு 100 மீட்டர். கொல்லையில் அது கிடைக்காது, எனவே பைதான் வழி.

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனி. மறுநாள் விரியப்போகும் மொட்டுகளை மாலையில் கட்டி, விடிந்து எட்டு மணிக்குள் ஆண் பூவின் இதழை உரித்துப் பெண் பூவின் சூல்முடி மடல் அனைத்திலும் தடவி மறுபடி கட்டுங்கள். ஒரு மடலை விட்டால் காய் கோணலாகும். அதே கொடியின் ஆண் பூ என்றால் அது தன் சேர்க்கை. ரகத்தைக் காக்க அதே ரகத்தின் வேறு கொடியின் ஆண் பூ மேல். கொடியில் ஏற்கெனவே முற்றும் காய் இருந்தால் புதுப் பிஞ்சு வெம்பும், அதைப் பறித்துவிடுங்கள். சுரையும் பீர்க்கும் அந்தியில் பூப்பவை. அவற்றுக்கு மதியமே கட்டி, மாலையில் சேர்க்க வேண்டும். காலையில் போய்ப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம்.

குளத்து நத்தையும் தன் சேர்க்கையும்

விலங்குகளில் இது அரிது. மண்புழு இருபால் உயிரிதான், ஆனாலும் இரண்டு புழுக்கள் சேர்ந்து விந்தை மாற்றிக்கொள்வதே பொதுவான வழக்கம். இருபால் என்பதாலேயே தன் சேர்க்கை என்று எண்ணிவிடக் கூடாது. ஆய்வகங்களில் புகழ்பெற்ற சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற நூற்புழுவின் இருபால் வகை தன் சேர்க்கையில் ஏறக்குறைய 300 குஞ்சு தரும். அதற்கு மேல் போகாததற்குக் காரணம் அது செய்து வைக்கும் விந்து தீர்ந்துபோவதுதான். முதுகெலும்பிகளில் வழக்கமாகத் தன்னைத்தானே கருவுறச் செய்வதாக நன்கு அறியப்பட்டது கிரிப்டோலெபியாஸ் என்ற அலையாத்தி மீன். அது அமெரிக்கக் கண்டத்து அலையாத்திகளில் உள்ளது, முத்துப்பேட்டையில் இல்லை.

டெல்டாவில் கண்ணால் பார்க்கக் கூடியது இந்தோபிளானோர்பிஸ் நத்தை: சுருட்டி வைத்த தட்டையான ஓடு, குளத்திலும் வாய்க்காலிலும் தேங்கிய வயலிலும். துணை இருந்தால் கூடும், இல்லாவிட்டால் தனியாகவே முட்டையிடும். கோடையில் காய்ந்த குளத்தில் ஒன்று தப்பினாலும் தண்ணீர் வந்ததும் கூட்டம் எழும்பும். தனியாகப் புது இடம் சேர்ந்து குடியேற வல்லவை பெரும்பாலும் தன் சேர்க்கை இனங்களே என்று 1955-இல் தாவரவியலாளர் ஹெர்பர்ட் பேக்கர் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். மாட்டின் மூக்கில் கட்டி உண்டாக்கிக் குறட்டை விட வைக்கும் ரத்தப் புழு இந்த நத்தையில்தான் வளர்கிறது. ஆனால் ஒன்று மிஞ்சினாலும் கூட்டம் எழும்பும் என்பதால், குளத்தில் நத்தையைப் பாதி அள்ளினால் பலன் நிலைக்காது.

தனி நத்தையும் முட்டையிடுகிறதா என்று பள்ளியில் செய்து பார்க்கலாம். ஆம்பல் இலையின் அடியில் ஒட்டிய கூழ் போன்ற முட்டைத் தொகுதியை, கையுறையோடு இலையுடன் எடுங்கள். குளத்து நீரில் உள்ள புழுக்குஞ்சுகள் தோலில் அரிப்பு உண்டாக்கும். ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரில் போட்டால் ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கும். குஞ்சுகளை உடனே பாட்டிலுக்கு ஒன்றாகப் பிரித்து, வேகவைத்த கீரை கொடுத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். வளர்ந்த நத்தையைப் பிடித்து வைத்தால் சோதனை செல்லாது. முன்பே கூடிய விந்தை அது பல வாரம் சேமித்து வைத்திருக்கும்.

விதையைச் சேமித்தல்

நெல் விதையை 13 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து, ஆறிய பிறகு கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சாக்கின் உள்ளேயும் வெளியேயும் சீட்டு: ரகம், அறுத்த மாதம், எத்தனை செடியிலிருந்து எடுத்தது, நான்கு பக்க வயலிலும் என்ன ரகம் நின்றது. கடைசிக் குறிப்பு இல்லாமல் மறு பருவம் தென்படும் கலவன் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ வாங்கி மறு ஆண்டு 4 கிலோ திருப்பித் தரும் வழக்கத்தில் விதை பல கை மாறுகிறது. அங்கே இந்தச் சீட்டு விதையோடு சேர்ந்தே போக வேண்டும்.

விதைக்கும் முன் உப்புக் கரைசலில் பதர் பிரியுங்கள். புது முட்டை மிதந்து நாணய அளவு வெளியே தெரியும் வரை உப்பைக் கரைக்க வேண்டும். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும் என்பதால் அளவு தப்பிவிடும். மூழ்கிய மணியை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு 100 மணியை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, 14 நாளில் 80-க்குக் குறையாமல் முளைக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் விதை அளவைக் கூட்டி ஈடுகட்டாதீர்கள்: செத்தவை எந்த வழியைச் சேர்ந்தவை என்பது தெரியாது. ஒதுக்கி வைத்த மூல விதையை எடுத்து மறுபடி கதிர் வரிசையிலிருந்து தொடங்குங்கள். அந்த ஒதுக்கீட்டில் ஒரு பங்கை வெள்ளம் ஏறாத வேறு ஊரில் வைத்திருப்பது டெல்டாவில் கட்டாயம்.